கூழில் தட்டும் கட்டியும் உங்கள் செய்தியில் வந்த கட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு எதிர்வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினார். கையில் உங்கள் நாளிதழிலிருந்து கத்தரித்த ஒரு துண்டு. எட்டாக மடித்துச் சின்ன பர்ஸில் வைத்திருந்தார். "அக்கா, நீங்கதான் எலி ஆராய்ச்சியில வேலை பார்த்தவங்களாச்சே, இதப் படிச்சுட்டுச் சொல்லுங்க. இந்தக் கட்டிய ஆபரேஷன் பண்ணி எடுக்கலாமா, இல்ல மருந்துலயே கரைஞ்சிடுமா?" என்று கேட்டார்.

வாங்கிப் படித்தேன். நரம்பு நோய்க்கு விடிவு பிறந்தது, கட்டியைக் கரைக்கும் மருந்து வந்துவிட்டது என்கிற மாதிரி நாலு காலத் தலைப்பு. 'ஆய்வக எலிகளில்' என்ற சொல் ஏழாவது வரியில்தான் வருகிறது. துண்டின் பின்பக்கம் அன்றைய குறுக்கெழுத்துப் புதிர், பாதியாக வெட்டுப்பட்டு இருந்தது. மருந்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தக் கடிதத்தையும் யாராவது கத்தரித்து எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போவார்கள்.

அந்த அம்மாவின் கணவருக்கு மோட்டார் நியூரான் நோய், அதாவது தசைகளை ஆட்டும் நரம்பணுக்கள் செத்துக்கொண்டே போகும் நோய். உங்கள் செய்தியும் இந்த நோயைப் பற்றித்தான். நம் ஊர் டாக்டர்கள் எம்.என்.டி. என்பார்கள், அமெரிக்காவில் ஏ.எல்.எஸ். என்பார்கள். அவர் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து ஒருநாள் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. வயசாகிவிட்டது என்று நினைத்தார்கள். அப்புறம் பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் புடைப்பாக ஒரு சதை இருக்குமே, அது வற்றிக் குழிந்துபோனது. இப்போது பேச்சும் குழறுகிறது. அவர் சொல்வதை மனைவிதான் நமக்கு எடுத்துச் சொல்கிறார். அறிவில் ஒரு குறையும் இல்லை. ரிலுசோல் மாத்திரை, 50 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. ஆயுளை இரண்டு மூன்று மாதம் கூட்டும் என்பதுதான் அதைப் பற்றிச் சொல்லக்கூடியது. ஸ்டீபன் ஹாக்கிங் 1963இல் இந்த நோய் என்று தெரிந்து 2018 வரை வாழ்ந்தாரே என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து ஐந்து வருடம் என்று டாக்டர் சொன்னதை அந்த அம்மா யாரிடமும் சொல்வதில்லை.

என்னைப் பற்றி நாலு வரி. நான் விஞ்ஞானி இல்லை. திருச்சியில் விலங்கியல் எம்.எஸ்சி. முடித்து, கல்யாணமாகி, கணவர் வேலைக்காக அமெரிக்காவின் கிழக்குக் கரைப் பக்கம் போனவள். அங்கே ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் 2001 முதல் 2010 வரை டெக்னீஷியனாக இருந்தேன். முதலில் எலிக் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அப்புறம் அந்த எலிகளின் தண்டுவடத்தைச் சீவிச் சாயம் ஏற்றும் வேலை. நாங்கள் வைத்திருந்த எலிகள் இந்த நோய்க்கென்றே உண்டாக்கப்பட்டவை. உங்கள் செய்தியில் வரும் எலிகளுக்குப் பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனவே எலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

முதலில் அந்தக் 'கட்டி'. செய்தி எழுதியவர் புரதக் கட்டி, கட்டி என்று பதினோரு இடத்தில் எழுதியிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன். நம் ஊரில் கட்டி என்றால் கழலை, அல்லது புற்றுநோய். எதிர்வீட்டு அம்மா ஆபரேஷன் பற்றிக் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அந்த நோயில் வருவது வேறு கட்டி. கேழ்வரகுக் கூழைக் கிண்டாமல் விட்டால் கட்டி தட்டுமே, அந்தக் கட்டி. மாவு கரைந்து ஓடவேண்டிய இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு உருண்டையாகிறது. நரம்பணுவுக்குள் நடப்பது இதுதான். கூழ் என்று ஒரு சொல்லைப் போட்டிருந்தால் அந்த அம்மாவுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்திருக்கும். 'திரள்' என்றாவது எழுதியிருக்கலாம்.

சரி, எந்த மாவு? 1993இல், சில குடும்பங்களில் வழிவழியாக வரும் ஏ.எல்.எஸ். நோய்க்கு ஒரு மரபணுப் பிறழ்வு காரணம் என்று 'நேச்சர்' இதழில் வந்தது. எஸ்ஓடி-1 என்ற புரதத்தின் மரபணு அது. ஆக்சிஜனால் உண்டாகும் நச்சுக் கழிவைச் சுத்தம் செய்வது இந்தப் புரதத்தின் வேலை. 153 அமினோ அமிலங்களை மணியாகக் கோத்த மாலை என்று இதை நினைத்துக்கொள்ளுங்கள். 93ஆவது மணி கிளைசின். சில குடும்பங்களில் அந்த ஒரு மணி மட்டும் அலனினாக மாறியிருக்கிறது. மற்ற 152 மணியும் சரியாக இருந்தும் மாலை ஒழுங்காக மடங்குவதில்லை. அடுத்த வருடமே, 1994இல், சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மார்க் கர்னி குழுவினர் இந்தப் பிழையான மனித மரபணுவைச் சுண்டெலிக்குள் வைத்தார்கள். எலிக்கு வாதம் வந்தது. ஜி93ஏ எலி என்று அதற்குப் பெயர். முப்பது வருடமாக இந்த நோய்க்கு வந்த மருந்துச் செய்திகளில் பெரும்பகுதி இந்த ஒரு எலி வம்சத்தின் முதுகில்தான் ஏறி வந்தது.

இதில் ஒரு விசித்திரம். எஸ்ஓடி-1 வேலை செய்யாமல் போவதால் நோய் வருகிறது என்று முதலில் நினைத்தார்கள். 1996இல் அந்த மரபணுவையே எலியிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். அந்த எலிக்கு இந்த நோய் வரவில்லை. ஆக, புரதம் குறைந்ததால் வந்த நோய் இல்லை, கெட்டுப்போன புரதம் இருப்பதால் வரும் நோய். அதிலிருந்துதான் எல்லார் கண்ணும் திரள் மேல் விழுந்தது.

எங்கள் கூண்டு அறையைப் பற்றிச் சொல்கிறேன். குட்டிகள் சாம்பல், பழுப்பு, வெள்ளை என்று கலந்து பிறக்கும். மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரித்து, வால் நுனியில் துளி வெட்டி மரபணுச் சோதனைக்கு அனுப்புவோம். பாதிக் குட்டிகளுக்கு நோய் மரபணு இருக்கும், பாதிக்கு இருக்காது. காதில் எண் பொறித்த குட்டித் தோடு. கிட்டத்தட்ட 90 நாள் வரை யார் வந்து பார்த்தாலும் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. வாலைப் பிடித்துத் தூக்கினால் நல்ல எலி பின்னங்கால் இரண்டையும் தவளை மாதிரி விரிக்கும். நோயுள்ள எலிக்கு முதலில் கால் நடுங்கும். ஒரு வாரம் கழித்துத் தூக்கினால் கால் விரியாது, வயிற்றோடு சுருங்கும். அப்புறம் பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு நடக்கும். எட்டி எடுக்க முடியாது என்பதால் தீனியைக் கூண்டின் தரையிலேயே போடுவோம், தண்ணீருக்குப் பதில் ஜெல் வைப்போம்.

கடைசிச் சோதனை ஒன்று உண்டு. எலியைப் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டு 30 விநாடி காத்திருக்க வேண்டும். அதற்குள் புரண்டு நாலு காலில் நின்றால் இன்னும் நாள் இருக்கிறது என்று அர்த்தம். புரளாவிட்டால் அதன் கணக்கு அன்றோடு முடித்துவைக்கப்படும். அதற்கு மேல் அதை வைத்திருப்பது வதை. கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தாலும் நான் வாய்விட்டு எண்ணுவேன், தமிழில். இருபத்தெட்டில் புரண்டு எழுந்த எலிகளும் உண்டு. அன்றைக்கு எனக்கு ஏதோ சம்பளம் கூடிய மாதிரி இருக்கும். சுமார் 130 நாளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த நாள் வந்துவிடும்.

அப்புறம் தண்டுவடத்தை எடுத்துச் சர்க்கரைக் கரைசலில் போட்டு வைப்போம். முதலில் மிதக்கும்; மறுநாள் காலை அடியில் அமிழ்ந்திருந்தால் வெட்டத் தயார். உறைய வைத்து, இயந்திரத்தில் முடியைவிட மெல்லிய சீவல்களாகச் சீவி, தண்ணீரில் மிதக்கவிட்டு, மெல்லிய தூரிகையால் கண்ணாடித் தகட்டில் ஏற்ற வேண்டும். இடுப்புப் பக்கத் தண்டுவடத்தின் குறுக்குவெட்டு வண்ணத்துப்பூச்சி மாதிரியே இருக்கும். கீழ் இறக்கை இரண்டிலும்தான் பெரிய இயக்க நரம்பணுக்கள் குடியிருக்கும். காலை ஆட்டுவது அவைதான். நல்ல எலியில் அவை ஊதா நிறத்தில் கொழுகொழுவென்று நிற்கும். நோயுள்ள எலியில் பாதியைக் காணோம். மிச்சம் இருப்பவை ரவா தோசை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். யுபிக்விட்டின் என்று ஒரு சின்னப் புரதம் இருக்கிறது. 'இது குப்பை, அகற்றவும்' என்று அணு தன் கெட்ட புரதங்களின் மேல் ஒட்டும் சீட்டு அது. அந்தச் சீட்டைத் தேடிப் பிடிக்கும் சாயத்தை ஊற்றினால் நரம்பணுவுக்குள் பழுப்புப் பொட்டுகள் தெரியும். உங்கள் செய்தியின் கட்டி அந்தப் பொட்டுதான். ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் உங்கள் செய்தி சறுக்குகிறது. பொட்டு கரைந்தது, எனவே நோய் தீர்ந்தது என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பொட்டு குற்றவாளியா என்பதே இன்னும் வழக்கில் இருக்கிறது. வீட்டைப் பெருக்கி மூலையில் குப்பையைக் குவித்திருக்கிறார்கள். அதைப் பார்த்து வீடு நாறுகிறது என்பீர்களா, யாரோ பெருக்குகிறார்கள் என்பீர்களா? 2004இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹன்டிங்டன் என்ற இன்னொரு நரம்பு நோயின் புரதத்தை வைத்து, வளர்ப்பு நரம்பணுக்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். திரள் உருவான அணுக்கள், உருவாகாதவற்றைவிட அதிக நேரம் பிழைத்தன. 2018இல் வட கரோலினாவில் எஸ்ஓடி-1ஐ வைத்தே பார்த்தபோது, மூன்று மூன்றாக ஒட்டிய சின்னக் கொத்துகள்தான் அணுவைக் கொன்றன, பெரிய திரள்கள் கொல்லவில்லை. எதிர்த் தரப்புக்கும் சாட்சி இருக்கிறது. 2014இல் ஃபுளோரிடாவில், வாதம் வந்த எலியின் தண்டுவடச் சாற்றைப் பிறந்த குட்டிகளுக்கு ஊசி போட்டார்கள். பிழையான எஸ்ஓடி-1 மரபணுவின் ஒரு வகை ஏற்கெனவே இருந்த குட்டிகள் அவை. தானாக நோய் வரவேண்டிய காலத்துக்கு வெகு முன்னாலேயே அவற்றுக்கு வாதம் வந்தது. தயிர் உறைக்கு ஊற்றிய மாதிரி, ஒரு துளி கெட்ட புரதம் மற்றதையும் கெடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய திரளை மருந்து போட்டு உடைத்தால் சின்னக் கொத்துகள் பெருகாதா என்று எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்காத வாரமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2004இல் வந்த ஒரு ஆய்வில் ஜி93ஏ எலிகளை நாள்வாரியாகப் பார்த்தார்கள். 47ஆவது நாளிலேயே தசையில் நரம்பு பிடித்திருக்கும் முனைகளில் பத்துக்கு நாலு விட்டுப்போயிருந்தன. 80ஆவது நாளில் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பிழைகளில் பாதிக்கு மேல் போயிருந்தன. நரம்பணுவே செத்துக் குறைவது 100ஆவது நாள் வாக்கில்தான் தெரிந்தது. அதாவது எலி என் கண்ணெதிரே கூண்டில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தபோதே காலில் பிடி விட்டுப்போயிருக்கிறது. பழுப்புப் பொட்டுகள் எங்கள் தகடுகளில் நோய் முற்றும்போதுதான் நிறையத் தெரியும். தீ அணைந்த பிறகு சாம்பலை அளந்துகொண்டிருந்தோமோ என்று எனக்கு அவ்வப்போது தோன்றியதுண்டு. நான் டெக்னீஷியன், என்னை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இப்போது ஒரு கேக் கதை. 2005ஆம் வருடம் எங்கள் கூடத்தில் ஒரு மருந்தைச் சோதித்தோம். மருந்து சாப்பிட்ட எலிகள் மற்றவற்றைவிடச் சராசரியாகப் பதினைந்து நாள் கூடுதலாக இருந்தன. எலிக்குப் பதினைந்து நாள் என்பது சின்ன விஷயமில்லை. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கேக் வாங்கி வந்தார், அதன்மேல் பிஸ்கட்டில் செய்த சின்ன எலி. எல்லாரும் வெட்டிச் சாப்பிட்டோம். இரண்டு வாரம் கழித்து, வழக்கமான சரிபார்ப்பில் ஒரு விஷயம் வெளியே வந்தது. இந்த எலிகளில் நோய் மரபணு ஒன்றிரண்டு படி (நகல்) இல்லை, சுமார் 25 படிகள் வரிசையாக இருக்கும். வம்சம் தொடர்கையில் எப்போதாவது சில படிகள் உதிர்ந்துவிடும். படி குறைந்தால் கெட்ட புரதம் குறையும், எலி தானாகவே கூடுதல் நாள் வாழும். எங்களிடம் இருந்த ஒரு ஆண் எலிக்கு அப்படி உதிர்ந்திருந்தது. அவன் பிள்ளைகள் பெரும்பாலும் மருந்துக் கூண்டுகளில் இருந்தார்கள். அவர்களை அங்கே வைத்தது நான். வேண்டுமென்று செய்யவில்லை, ஒரு தாய்க்குப் பிறந்தவற்றைச் சேர்த்து வைத்தால் சண்டை போடாது, கூண்டும் மிச்சம் என்று நினைத்தேன். ஒரே ஈற்றுக் குட்டிகளை இரண்டு பக்கமும் பிரித்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பதினைந்து நாளும் மருந்து கொடுத்த நாளில்லை, தகப்பன் கொடுத்த நாள். கட்டுரை வெளியே போகவில்லை, நல்லவேளை. கேக் வெட்டிய அன்று உங்கள் நிருபர் எங்கள் கூடத்துக்கு வந்திருந்தால் என்ன தலைப்பு போட்டிருப்பார் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இது எங்கள் ஒரு கூடத்தின் அசட்டுத்தனம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஏ.எல்.எஸ். தெரபி டெவலப்மென்ட் இன்ஸ்டிடியூட் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. ஐந்து வருடத்தில் 70க்கும் மேற்பட்ட மருந்துகளை 18,000 எலிகளில் சோதித்துவிட்டு, 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எலியில் பலித்ததாகப் பெரிய இதழ்களில் வந்த மருந்துகளில் பலவற்றை, ஆண் பெண் எண்ணிக்கை, ஈற்று, மரபணுப் படி எல்லாம் சரிபார்த்துத் திரும்பச் செய்தார்கள். ஒன்றுகூட எலியின் ஆயுளைக் கூட்டவில்லை. இதில் வேடிக்கை, மனிதனுக்குக் கொஞ்சமாவது உதவுகிற ரிலுசோலும் அந்த எலியில் தோற்றது. பெண் எலி ஆண் எலியைவிடச் சில நாள் கூடுதலாக வாழும் என்கிற சின்ன விஷயம்கூட, குழுவில் பத்துப் பன்னிரண்டு எலிதான் என்றால் மருந்தின் வெற்றியாக வேஷம் போட்டுவிடும் என்று அந்தக் கட்டுரையைப் படித்தவர்களுக்கு உறைத்தது.

அதைவிட மோசமான கதை மினோசைக்ளின். முகப்பருவுக்குக் கொடுக்கிற பழைய ஆன்டிபயாடிக், மலிவான மாத்திரை. 2002இல் ஜி93ஏ எலிகளில் நோயைத் தாமதப்படுத்தியது என்று செய்தி. நோயாளிகளிடம் சோதித்து 2007இல் முடிவு வந்தது. 412 பேர் பங்கெடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நோய் 25 சதவீதம் வேகமாக முற்றியிருந்தது. உதவாமல் போனது மட்டுமில்லை, கெடுத்திருக்கிறது. எலிச் செய்தியைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

எதிர்வீட்டுக்காரருக்கு இந்த எலிகள் எவ்வளவு தூரத்துச் சொந்தம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்ஓடி-1 பிழையால் வரும் நோய், மொத்த ஏ.எல்.எஸ். நோயாளிகளில் சுமார் 2 சதவீதம். மற்றவர்களில் மிகப் பெரும்பாலானவர்களின் நரம்பணுக்களில் திரள்வது வேறு புரதம், டிடிபி-43. அது 2006இல்தான் தெரிந்தது. சாதாரணமாக அணுவின் கருவுக்குள் இருக்க வேண்டியது, வெளியே வந்து திரண்டு கிடக்கிறது. எஸ்ஓடி-1 நோயாளிகளிடம் பொதுவாக அந்தத் திரள் இருப்பதில்லை. டிடிபி-43ஐ வைத்து 2009இல் ஒரு எலி உண்டாக்கினார்கள். அதில் பல நரம்பு நோயால் சாகும் முன்பே குடல் அடைத்துச் செத்தன. சாப்பாட்டை ஜெல்லாக மாற்றினால் நாள் கூடியது. ஜெல்லையா மருந்து என்பது? நோய் ஒன்றே என்று நாம் பேசுகிறோம், உள்ளே பல நோய். நம் ஊர்ப் பெயரிலேயே ஒன்று இருக்கிறது: மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். 1970இல் சென்னை டாக்டர்கள் எழுதியது. இளவயதில் வரும், காது கேட்காமல் போகும், முகமும் தொண்டையும் தளரும், ஆனால் மெதுவாக நகரும், பல வருடம் வாழ்வார்கள். இதைப் பற்றி உங்கள் நாளிதழில் நான் படித்த நினைவில்லை.

எலியைக் குறைசொல்ல நான் வரவில்லை. என் கையில் எத்தனையோ எலிகள் போயிருக்கின்றன, வீணாகப் போயின என்று சொல்ல மனசு வராது. 2023 ஏப்ரலில் அமெரிக்காவில் டோஃபர்சென் என்ற மருந்துக்கு விரைவு அனுமதி கிடைத்தது. எஸ்ஓடி-1 நோயாளிகளுக்கு மட்டும். அது திரளைக் கரைக்கும் மருந்தில்லை. எஸ்ஓடி-1 புரதத்தைச் செய்யச் சொல்லும் செய்தியையே வழியில் மடக்கிவிடுகிறது, அதனால் புரதம் உண்டாவதே குறைகிறது. கூழ் கட்டி தட்டுகிறது என்றால் மாவையே குறைத்துப் போடுகிற வழி. முதுகுத்தண்டில் ஊசியாகப் போட வேண்டும். முதல் மூன்று ஊசி இரண்டு வாரத்துக்கு ஒன்று, அப்புறம் 28 நாளைக்கு ஒன்று. இந்த வழி ஜி93ஏ எலியில் பலித்தது, அந்த எலி இல்லாமல் அது இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஆனால் அதையும் முழுதாகச் சொல்ல வேண்டும். 108 பேரிடம் நடந்த சோதனையில், 28 வாரக் கணக்கில், நோயாளியின் செயல்திறன் விழுவதை அது தடுத்ததாக எண்கள் உறுதியாகச் சொல்லவில்லை. நரம்பு சிதைவதைக் காட்டும் ஒரு புரதம் ரத்தத்தில் குறைந்ததை வைத்துத்தான் அனுமதி கொடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் பரம்பரையில் யாருக்கும் இந்த நோய் இல்லை. எஸ்ஓடி-1 சோதனை செய்தார்களா என்று அடுத்த முறை டாக்டரிடம் கேட்கச் சொல்லி, ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எலி என்ற சொல்லை ஏழாவது வரியிலிருந்து தலைப்புக்குக் கொண்டு வாருங்கள். இடம் போதாது என்றால் 'விடிவு' என்பதை எடுத்துவிடுங்கள், அது மூன்றெழுத்து, 'எலி'யைவிட ஒன்று கூட. எத்தனை எலி என்று போடுங்கள். எல்லாவற்றையும்விட, மருந்தை எந்த நாளில் ஆரம்பித்தார்கள் என்று போடுங்கள். எலிக்குப் பல ஆய்வுகளில் கால் நடுங்குவதற்கு முன்பே மருந்து தொடங்கிவிடுவார்கள். மனிதன் டாக்டரிடம் போவதே சட்டைப் பொத்தான் போட முடியாமல் ஆன பிறகுதான். உங்கள் செய்தியில் அந்த ஒரு எண் இருந்திருந்தால், எலிக்குக் கிடைத்த பலன் யாருக்குப் பொருந்தும் என்று படிக்கிறவரே முடிவு செய்துகொள்வார்.

நான் இவ்வளவையும், இதைவிடச் சுருக்கமாக, எதிர்வீட்டு அம்மாவுக்குக் கூழை உதாரணம் காட்டிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "அப்போ பையன் ஆர்டர் போட்டுட்டானே அக்கா" என்றார். செய்தி வந்த அன்று இரவே மகன் பெங்களூரிலிருந்து இணையத்தில் தேடி, அதே பெயர் ஒட்டிய ஏதோ ஒரு ஊட்டச்சத்துக் குப்பியை 4,800 ரூபாய்க்கு வாங்கிவிட்டானாம். வியாழக்கிழமை பார்சல் வந்தது. பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறார்கள். திருப்பி அனுப்பினால் மகன் மனசு நோகும் என்கிறார். வீணாகப் போகட்டும், டாக்டரைக் கேட்காமல் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கடிதம் எழுத அந்தத் துண்டை நான் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை அந்த அம்மா மறுபடி வந்து அதைத் திருப்பிக் கேட்டார். எதற்கு என்றேன். அவர் கணவருக்கு அந்த மருந்துச் செய்தியில் அக்கறையே இல்லையாம். படித்துக் காட்டியபோதே எலிக்குத்தானே என்று சிரித்தாராம். அவருக்கு வேண்டியது பின்பக்கம் இருந்த குறுக்கெழுத்து. தினமும் இரவு சாப்பாட்டுக்கு முன் இருவரும் போடுவார்கள், அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வார், இவர் எழுதுவார். அன்றைக்கு மேலிருந்து கீழ் 7 மட்டும் மிச்சம். அதற்குள் அந்த அம்மா செய்தியைக் கத்தரித்துவிட்டார், 7இன் குறிப்பு துண்டில் பாதியும் மீதித் தாளில் பாதியுமாகப் போய்விட்டது. மீதித் தாள் அரிசி டப்பாவின் அடியில் இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கும்பகோணம்